வடக்கு வீடு

வால்பராய்சோ
14 மார்ச் 1971

மதிப்புக்குரிய இசிடோரோ ஹெரெவேரி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். என் பெயர் கிளெமென்சியா. நான் உங்கள் தங்கையாகத்தான் இருக்க வேண்டும்.

போன வாரம் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கப்பல் வேலைக்காரர் ஒருவர், வயதானவர், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நீ ரப்பா நூயித் தீவுப் பொண்ணுதானே? பரபீனாவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கியே!" என்றார்.

பரபீனா என் அம்மாவின் பெயர். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோனாள் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "உனக்கு ஒரு அண்ணன் இருக்கான், அதாச்சும் தெரியுமா?" என்றார். தெரியாது. உங்கள் முகவரியை எழுதித் தந்தவர் அவர்தான்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, வருடத்துக்கு ஒருமுறை தீவுக்கு வரும் கடற்படைக் கப்பலில் ஓர்டென்சியா அம்மாள் என்ற தாதி என்னை இங்கே கூட்டிவந்து வளர்த்தார். போன குளிர்காலத்தில் அவரும் காலமாகிவிட்டார். 'உன் அம்மா செத்துப்போனாள், அங்கே உனக்கு யாருமில்லை' என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சட்டை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை.

அம்மா எப்படி இறந்தாள்? எங்கே அடக்கம் செய்தீர்கள்? இப்போதுதான் விமானம் விட்டிருக்கிறார்களே, ஒருமுறை வந்து பார்க்க ஆசைப்படுகிறேன். தொந்தரவு என்றால் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கிளெமென்சியா


ஹங்கா ரோவா
11 ஏப்ரல் 1971

இயோரானா, தங்கச்சி! அதுதான் நம் தீவு வணக்கம்.

அஞ்சல் மூட்டையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் மழை வந்து எழுத்து அங்கங்கே கரைந்துவிட்டது. அதில் பாதி மழை, மீதி நான். உடம்பு எப்படி இருக்கிறது உனக்கு? அந்த ஊர்க் குளிர் நெஞ்சில் இறங்கிவிடும் என்பார்கள். பார்த்துக்கொள்.

முதல் காரியம், என்னை 'நீங்கள்' என்று எழுதாதே. அனகேனா கடற்கரைவரை உன்னைத் தோளில் சுமந்துகொண்டு போனவன் நான். போகிற வழியெல்லாம் என் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்து இழுப்பாய். நீ போன கப்பலை நான் பாறைமேல் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

எனக்கு மூன்று பெண் குழந்தைகள். என் மனைவி உகா உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "பொழைச்சேன்! இனிமே உங்களைத் திட்ட வீட்டுல இன்னொரு ஆள் இருக்கும்," என்றாள்.

பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறேன். விமானத்தில் வருபவர்களை ஏற்றிக்கொண்டு போய் நம் முன்னோர்கள் செதுக்கிய பெரிய கல் சிலைகளைக் காட்டுவது என் வேலை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இவ்ளோ பெரிய கல்லை மலையிலேர்ந்து எப்படிக் கொண்டு வந்தாங்க?" "அதுங்களே நடந்து வந்துச்சு," என்பேன். சிரிப்பார்கள். எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்து கல்லின் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் முகங்களைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

அம்மாவைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். எழுத எனக்கு ஸ்பானிய மொழி போதாது. இப்போது வராதே. குளிர்காலம் தொடங்கப்போகிறது, ஓயாத மழை, காற்று. சாவகாசமாக வரலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
இசிடோரோ


வால்பராய்சோ
20 ஜூன் 1971

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. எனக்கு ஒரு அண்ணன், ஒரு அண்ணி, மூன்று மருமகள்கள்! கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அங்கே எல்லோரும் சுகமா? பெண்களுக்குக் கவுன் தைக்கிறேன், அளவு எழுதி அனுப்பு.

எனக்குக் கொஞ்ச நாளாக இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் தெரிகிறது. கடைக்காரர் திட்டுகிறார். வைத்தியரிடம் போனேன். தையல்காரிகளுக்கு வருவதுதான் என்கிறார். எதற்கும் அம்மா என்ன நோயில் இறந்தாள் என்று தெரிந்தால் சொல் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாய் எதனால் செத்தாள் என்று தெரியாதவளா நீ என்பது மாதிரி பார்த்தார்.

நேரில் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அண்ணா. ஒரே வரி போதும். எழுது.

உன் கிளெமா


ஹங்கா ரோவா
22 ஆகஸ்ட் 1971

அன்புத் தங்கச்சி கிளெமா,

பதில் தாமதித்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் இருமல், இப்போது பரவாயில்லை. உன் கை தேவலையா? தையலைக் குறைத்துக்கொள். வெந்நீரில் கையை வைத்துப் பார்.

பெண்களின் அளவை உகா நூலால் அளந்து, அந்த நூலையே உறைக்குள் போட்டிருக்கிறாள். பெரிய முடிச்சு பெரியவளுக்கு.

அம்மாவுக்குக் காய்ச்சல். அந்த வருடம் பலருக்கு வந்தது. அடக்கம் செய்த இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை, கடலரிப்பில் போய்விட்டது.

ஊருக்கு அருகே தஹாய்க் கரையில் விழுந்துகிடந்த சிலைகளை வெளிநாட்டுப் படிப்பாளிகள் சிலர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நாங்களும் கயிறு பிடித்தோம். இப்போது சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் கடலில் இறங்குகிறது. வரும்போது பார்ப்பாய். அங்கிருந்து வடக்கே ஒன்றுமில்லை, வெறும் பாறையும் ஆடுகளும்தான்.

வேறு என்ன எழுத? உடம்பைப் பார்த்துக்கொள்.

இசிடோரோ


வால்பராய்சோ
10 அக்டோபர் 1971

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எல்லோரும் இருமல் நீங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். வைத்தியரிடமும் அப்படியே சொன்னேன். அப்படியானால் அதற்கும் என் கைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். விசித்திரம் என்னவென்றால், அம்மா காய்ச்சலில் போனாள் என்று படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. காய்ச்சலில் யார் வேண்டுமானாலும் சாகலாம், அல்லவா?

நேற்று ஒரு சின்ன விபத்து. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற நாற்றம். துணிதான் தீய்கிறது என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கினேன். துணி நன்றாகவே இருந்தது. பார்த்தால் என் இடது கையின் ஓரம் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வலிக்கவேயில்லை, அண்ணா. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவள்தான் அலறினாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு தேமல் இருக்கிறது, அங்கேயும் உணர்ச்சி இல்லை. கட்டுப் போட்டிருக்கிறேன், பயப்படாதே.

பிப்ரவரியில் எனக்கு விடுமுறை. அப்போது வரட்டுமா? கவுன்கள் தயார்.

உன் கிளெமா


ஹங்கா ரோவா
31 அக்டோபர் 1971

கிளெமா,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள். அந்த வைத்தியரை விடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தேமலைக் காட்டு. இரும்பு சுட்டது தெரியவில்லை என்று அவர்களிடம் சொல். நாளைக்கே போ.

பிப்ரவரி வேண்டாம், முன்னாலேயே வா. எந்த விமானத்தில் இடம் கிடைக்கிறதோ அதில் வா. குளிர், மழை என்று நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு.

இசிடோரோ


வால்பராய்சோ
5 டிசம்பர் 1971

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் என்னைப் பயமுறுத்திவிட்டது. என் கை ஆறிவிட்டது, நீ வீணாகக் கலங்காதே. பண்டிகைக் காலம், கடையில் மூச்சு விட நேரமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து திரும்பியதும் போகிறேன். கடைக்காரரிடம் சண்டை போட்டு விடுமுறையை ஜனவரிக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டாம் வாரம் வருகிறேன். நான் யாரென்று உனக்கு அடையாளம் தெரியுமா? அந்தக் கப்பல்காரருக்குத் தெரிந்ததே!

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் முத்தங்கள்.

கிளெமா


வால்பராய்சோ
30 ஜனவரி 1972

இசிடோரோ அவர்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். விமான நிலையத்தில் கழுத்தில் போட்ட சிப்பி மாலைகளுக்கு நன்றி.

கிளெமென்சியா


ஹங்கா ரோவா
27 பிப்ரவரி 1972

கிளெமா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். உன் மூன்று வரிக் கடிதம் வந்தது. மறுபடி 'நீங்கள்' ஆகிவிட்டேன்.

நான் கூட்டிப் போன இடமெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாய். ரானோ ரராகு மலைச் சரிவில், பாதி செதுக்கி மலையோடு விட்டுப்போன சிலைகளின் நடுவில் உட்கார்ந்து, "இதுங்களை யாரும் வந்து கூட்டிட்டுப் போகலை, பாவம்," என்றாய். மறுநாள் நான் விருந்தினர்களோடு போய்விட்டு மாலை வந்தால், நீ முகம் கழுவி, பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறாய். விமானம் ஏறும்வரை என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. உகாவைக் கேட்டால், "உங்க அம்மாவையே போய்க் கேளுங்க," என்கிறாள். அம்மாவைக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் வந்து உன்னைப் பார்த்தாள் என்பதுவரை புரிந்துகொண்டேன்.

உன்னிடம் பொய் சொன்னேன். அம்மா சாகவில்லை. தஹாய்க்கு வடக்கே இருக்கும் தொழுநோயாளிகள் இல்லத்தில் இத்தனை வருடமும் இருக்கிறாள். நாங்கள் அதை வடக்கு வீடு என்போம். மருந்து வந்து நோய் எப்போதோ நின்றுவிட்டது. போன விரல்கள் போனதுதான். உன்னைக் கப்பலேற்றியபோது, தான் செத்துவிட்டதாக உன்னிடம் சொல்லும்படி தாதியிடம் கேட்டுக்கொண்டவளே அவள்தான். உன் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவ மனசுல எனக்கு ஒரு முகம் இருக்குடா. அதையாவது விட்டு வை," என்றாள். தாயிடம் சத்தியம் செய்துகொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி விஷயத்தைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். காய்ச்சல் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் உன் வைத்தியர் அன்றே கண்டுபிடித்திருப்பார். அது எனக்குத் தெரியும். எந்நேரமும் தெரிகிறது.

இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். திட்டுவதற்காகவாவது எழுது.

இசிடோரோ


சாந்தியாகோ
16 ஏப்ரல் 1972

அன்புள்ள அண்ணா,

நீ சுகமா? குழந்தைகள் சுகமா? நான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அம்மாவுக்கு வந்ததேதான் எனக்கும். தினமும் மாத்திரை. நோய் நின்றுவிடும், யாருக்கும் ஒட்டாது என்கிறார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கிவிட்டன, இனி நிமிராது. கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. காரணம் தெரிந்ததும் என் கத்தரிக்கோலைக்கூட அவர்கள் தொடவில்லை, வந்து எடுத்துப் போ என்று சொல்லி அனுப்பினார்கள்.

உன்மேல் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அன்று நான் பேசாமல் போனது உன்மேல் இருந்த கோபத்தால் அல்ல. அன்று நடந்ததை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ போன கொஞ்ச நேரத்தில் அண்ணியும் நானும் குழி தோண்டிச் சமைக்கும் மண்ணடுப்புக்காக வாழை இலை அறுத்துக்கொண்டிருந்தோம். "என்ன நாத்தனாரே, இலை அறுக்கச் சொன்னா தையல் போடுறீங்க?" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே ஒரு குதிரை வந்து நின்றது. சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிய ஒரு பெண் இறங்கினாள். அண்ணியின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்துவிட்டது. "அத்தை!" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து, "கிளெமா, இவங்கதான் உன் அம்மா. உயிரோடதான் இருக்காங்க. என்னைத் திட்டாதே, வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க," என்றாள்.

அம்மா உங்கள் மொழியில் வேகமாகப் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அண்ணா. என் தாய் பேசுகிறாள், இன்னொருத்தி எனக்கு மொழிபெயர்க்கிறாள்.

"அழறதெல்லாம் அப்புறம், முதல்ல கையைக் காட்டுன்னு சொல்றாங்க."

காட்டினேன். அம்மா குனிந்து தேமலைப் பார்த்தாள். அவள் சொல்ல, அண்ணி ஒரு வாழை இலை நரம்பைக் கிள்ளி அதன்மேல் குத்தினாள். எனக்குத் தெரியவில்லை. அம்மா பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. பிறகு சால்வைக்குள்ளிருந்து தன் இரண்டு கைகளையும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சால்வையும் விலகியது.

"பயப்படாம நல்லாப் பாருங்கிறாங்க. அவங்களுக்கும் முதல்ல சூடுதான் தெரியாமப் போச்சாம். யாரும் சொல்லலையாம். அப்ப மருந்தும் இல்லையாம். 'உனக்கு மருந்து இருக்கு. ஊருக்குப் போனதும் ஓடு. என்னை மாதிரி ஆகாதே'ங்கிறாங்க."

அண்ணா, நான் பின்னால் நகர்ந்தேன். நகர வேண்டும் என்று நினைக்கவில்லை. என் கால்கள் நகர்ந்தன. இருபத்திரண்டு வருடம் செத்துப்போனவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். உயிரோடு வந்து நின்றவளைக் கண்டு பின்வாங்கினேன். அவள் கைகளை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டாள். மருந்தைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னாள், குதிரையேறிப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. எந்தச் சொல்லால் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் வருகிறேன் என்று சொல். நான் நகர்ந்ததை அவள் பார்த்தாளா? அதை மட்டும் கேட்டு எனக்கு எழுது. ராத்திரி பகல் எனக்கு அதே நினைப்பு.

உன் கிளெமா


ஹங்கா ரோவா
9 ஜூலை 1972

அன்புத் தங்கச்சி,

மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறாய் அல்லவா? இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

அம்மா போய்விட்டாள். சிறு வயதில் உனக்கு இதே செய்தியை ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை எழுதினேன். இந்த முறை உண்மை. ஜூன் கடைசியில் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஊர்க் கல்லறையில், நாம் சிறுவர்களாக இருந்தபோதே போன அப்பாவுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வரிசையில் வைத்திருக்கிறோம். வடக்கு வீட்டிலிருந்து நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஊர்க்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள் என்று நினைத்தேன். சிலர் நின்றார்கள். சிலர் கூடவே நடந்தார்கள்.

உன் கடிதம் அதற்கு முன்பே, மே மாதக் கடைசியில் வந்தது. அன்றே எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்தேன். நீ சொன்னபடி ஒரு வரியும் விடவில்லை. நோய் நின்றுவிடும் என்ற இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். "ரெண்டு விரல்தானே? ரெண்டே ரெண்டுதானே?" என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். நீ பின்னால் நகர்ந்த இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது.

"என்ன முழுங்கறே? படி," என்றாள்.

படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அசடு! இதுக்கா இவ்வளவு அழுகை? எனக்குத்தான் கண்ணே தெரியலையே. அவ முன்னால வந்தாளா, பின்னால போனாளான்னு நான் எங்கடா கண்டேன்? அப்படியே எழுதிடு அவளுக்கு. அம்மாவுக்குப் பார்வை போயிடுச்சு, ஒண்ணும் பார்க்கலைன்னு எழுது. இப்பவே எழுது."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத முடியவில்லை. அதனால்தான் ஒன்றரை மாதம் உனக்குக் கடிதமே வரவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும், "எழுதிட்டியா?" என்பாள். "எழுதிட்டேன்மா," என்பேன். உனக்குச் சொன்ன பொய்க்குப் பிறகு அவளுக்கு ஒன்று.

அவள் சொல்லச் சொன்னதை இதோ சொல்லிவிட்டேன். அதை நம்பினால் நீ நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கிளெமா, அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். படுக்கையில் விழும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, தூரத்தில் கடலோரமாகப் போகிற குதிரை எந்த வீட்டுக் குதிரை, மேலே இருப்பது யார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணன்
இசிடோரோ